ஏழாவது கேள்வி

புகை பிடிப்பவரா?
ஆம். இல்லை.
இரண்டு பெட்டி, ஒரு சரி அடையாளம்.

எந்தப் புகையென்று படிவம் கேட்கவில்லை.
கிளிநொச்சி ஆசுபத்திரியின் நீல வாங்கில்
பேனை மூடியைக் கடித்தபடி இருக்கிறேன்.
சுருட்டில்லை, பீடியில்லை.
நான் அதைப் பிடித்ததில்லை.
அது என்னைப் பிடித்தது.

பரந்தனுக்கு இங்காலே ரயர்க்கடை எரிந்த இரவு
ஐந்து முகமூடியில் மூன்றுக்குத்தான் காற்றிருந்தது.
நான் நாலாவது ஆள்.
மூன்று நாள் மூக்குச் சிந்தினால் கறுப்பு,
துப்பினால் கறுப்பு,
சோற்றுக்குள் ரயர் மணம்.
சுபாங்கினி வைத்த நண்டுக்குழம்பை
நல்லாயிருக்கு என்றது பொய்.

சோளகம் பெயர்ந்தால் பனங்கூடல் பற்றும்.
காவோலையில் ஏறிய நெருப்பு
இறங்க வழி கேட்காது, அடுத்த வட்டுக்குத் தாவும்.
உருளையும் உடுப்புமாக இருபத்தைந்து கிலோ,
மணலில் புதையும் சப்பாத்து,
உள்ளே என் ஆவியில் நானே அவியும் புட்டு.
வண்டி இரணைமடு வாய்க்காலில் நீரெடுத்து வரும்வரை
பச்சைக் குழையால் அடித்துக்கொண்டு நின்றோம்.
அன்றைக்குத்தான் இதயம் ஒருமுறை
துடிக்க மறந்தது,
பிறகு இரண்டாய் அடித்துக் கணக்கைச் சரிசெய்தது.
ஒருவருக்கும் சொல்லவில்லை.
இனி ஈசிஜிக் கடதாசி சொல்லிவிடும்.

"ஊதுங்கோ அண்ணை. இன்னும், இன்னும், விடாதேங்கோ."
குழாய்க்கு அந்தப்பக்கம் அந்தப் பிள்ளை கெஞ்சுகிறாள்,
அடுப்பு அணையப் போகிறதுபோல.
பதினொரு வருடம் அணைத்தவனை
ஊதச் சொல்கிறார்கள்.
திரையில் கோடு ஏறுகிறது,
அரைவழியில் களைத்து உட்காருகிறது.
மூன்று தரம். மூன்று தரமும் அதே இடத்தில்.

எக்ஸ்றே அறையில்,
"சேட்டைக் கழட்டுங்கோ, பொத்தான் விழுது."
சேட்டில்லாமல்தான் நிற்கிறேன், தம்பி.
அவன் படத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.
மனத்துக்குள் வருடத்தைக் கழித்துப் பார்த்திருப்பான்.
இங்கே பிறந்த பெடியன், பிறகு ஒன்றும் கேட்கவில்லை.
நெருப்புக்குள் நிற்கையில் அந்தத் துண்டு சுடுகிறதென்று
முன்பொருநாள் வைத்தியரிடம் சொன்னேன்.
அப்படி நடக்காது என்றார்.
நடக்காதுதான்.

கடைசிச் சோதனை படிக்கட்டு.
நனைந்த குழாய்ச்சுருள் தோளில்.
எங்கள் பக்கம் மூன்று மாடியே அதிசயம்,
அதனால் அதே படியில் ஐந்து தரம்.
போன வருடம் நாலாம் தரத்தில்
யோகசீலன் கைபிடியைப் பிடித்து நின்றான்.
படியை எண்ணுகிறான் என்று சிரித்தோம்.
முப்பத்தெட்டு வயது.
கரப்பந்தில் வலைக்கு மேலே அரைமுழம் எழும்பியவன்.

இப்போது அவனுக்குத் தொலைபேசி மேசை.
மணியடித்தால் நாங்கள் எழும்ப முதல்
மேசைக்கடியில் அவன் கால்கள் சப்பாத்தைத் தேடும்.
செருப்புத்தான் அகப்படும்.

ஏழாவது கேள்விக்கு "ஆம்" போட்டுக் கொடுத்தேன்.
கிளாக் தாரணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தாள்.
"நீங்கள் பத்துறேல்லையே அண்ணை.
இப்படிப் போட்டால் காப்புறுதிக் காசை வெட்டிப்போடுவாங்கள்."
வெள்ளை மை பூசி, ஊதிக் காயவைத்து,
அவளே "இல்லை" என்று திருத்தினாள்.
அவளுடைய ஊதல் நீளமாக இருந்தது.

அன்றிரவு முறிகண்டிப் பக்கம் வைக்கோல் லொறி.
வோக்கியில் யோகசீலன் இடம் சொன்னான்.
சந்தி தாண்டி...
இடக்கைப் பக்கம்...
மேலே கறண்ட் வயர், கவனம்...
சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்
அவன் மூச்சை இழுக்கும் சத்தம்.
றஜீவன் ஒலியைக் குறைக்கவில்லை.
பட்டியை இறுக்கிக்கொண்டு
அந்த இழுப்பு முடியும்வரை இருந்தோம்,
அடுத்த சொல்லுக்காக.